ஏறிப்போன வளையம்

இருளப்பன் செத்த மறு வருசம், அவன் பேரில் மில்லுக்காரர்கள் நடத்திய முதல் நினைவுக் கோப்பைப் போட்டியில், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை எல்லாம் பேசி முடித்து, ஒருவர் தோளில் ஒருவர் போட்டுக்கொண்ட பொன்னாடைகளை மடித்து வைத்து, ரெஃபரி நடுவில் நின்று பந்தைத் தூக்கிப் போட்டபோது, தாதனூரணி மில் மைதானத்துக் கூடைப்பந்து வளையங்கள் இரண்டும் ஒரு சாண் ஏறியிருந்தன. அதை முதலில் பார்த்தவள் ராக்கு. செத்தவனின் பெண்டாட்டி என்பதால் அன்றைக்கு அவளுக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி கிடைத்திருந்தது. கல்யாணமான நாளிலிருந்து புருசன் எறிந்த பந்தை ஓடி எடுத்துத் திருப்பிப் போட்ட கை அவளுடையது என்பதால், வளையம் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பது அவள் கழுத்துக்கே தெரியும். அன்றைக்குக் கழுத்து கொஞ்சம் கூடுதலாக மடங்கியது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கேட்கிற ஊராக இருந்தால் அதற்கு முன்னாலேயே அவள் எவ்வளவோ சொல்லியிருப்பாள்.

மறுநாள் பரிசளிப்பு விழாப் பேச்சுகளுக்குப் பிறகு இன்னொரு சாண் ஏறியது. மழையில் தரை இறங்கிவிட்டது என்றார்கள். மில் ஃபிட்டர் டேப்பைப் பிடித்து அளந்து, தரை இருந்த இடத்தில்தான் இருக்கிறது, தூண்தான் தென்னங்கன்று மாதிரி வளர்ந்திருக்கிறது என்று சொல்லி, அறுத்துக் குறைத்து, வெல்டு வைத்துக் கொடுத்தார். அடுத்த வருச விழாவில் மாலை போட்டுப் பேசினார்கள், அறுத்த அளவும் ஏறி அதற்கு மேலும் ஏறியது. மதுரையிலிருந்து புதுத் தூண் வந்தது. அதுவும் பேச்சைக் கேட்டது, அதுவும் ஏறியது. ஏன் என்று கேட்டவர்கள் ஒரு வாரம்தான் கேட்டார்கள். அப்புறம் கிளப்பின் செயலாளர் சௌந்தரபாண்டியன், அந்தக் காலத்தில் இருளப்பன் ஆடிய டீமுக்குக் கேப்டனாக இருந்து இன்னமும் ஊராரால் கேப்டன் என்றே கூப்பிடப்படுகிறவர், மைக்கைப் பிடித்து, நம் இருளப்பன் புகழ் உயர உயர வளையமும் உயருகிறது என்று ஒரே போடாகப் போட்டார். ஊருக்கு அது பிடித்துப்போனது. பிடித்துப்போன காரணத்தை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

அதற்குப் பிறகு தூணுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தார்கள். பிள்ளை வளரவில்லை என்று கவலைப்பட்ட தாய்மார்கள் பிள்ளையைத் தூணில் சாய்த்து நிறுத்திக் கும்பிட்டார்கள். பெண் கிடைக்காத கட்டை மாப்பிள்ளைகள் விடியலில் யாருக்கும் தெரியாமல் வந்து தொட்டுவிட்டுப் போனார்கள். எதிரே டீக்கடைக்காரர் கடைப் பெயரை ‘உயர்ந்த வளையம்’ என்று மாற்றினார். காக்காய்கள் வளையத்தில் கூடு கட்டின. பந்துதான் உள்ளே போகவில்லை. எந்தக் கொம்பன் எறிந்தாலும் போகவில்லை. ஆட்டங்கள் இரண்டு பக்கமும் பூஜ்யத்தில் முடிந்தன, காசு சுண்டி வெற்றியைச் சொன்னார்கள். வெளியூர் டீம்கள் இரண்டு வருசம் காசைப் பார்த்துவிட்டு மூன்றாம் வருசம் வரவில்லை. அதனால் என்ன, விழா நின்றுவிடுமா? ஆட்டத்தை எடுத்துவிட்டுப் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகப் பந்தில்லாத ஒரு பந்தாட்டப் போட்டி அந்த ஊரில் வருசா வருசம் வாழைமரம் கட்டி நடந்தது, வளையம் வருசா வருசம் ஏறியது.

ராக்குவை வருசா வருசம் கூப்பிட்டார்கள். ஒரு பொன்னாடை போர்த்துவார்கள், போட்டோ எடுப்பார்கள், மைக்கை அவள் பக்கம் திருப்ப மாட்டார்கள். அவள் அந்தப் பொன்னாடைகளைக் கிழித்துக் குட்டி போட்ட ஆட்டுக்குப் படுக்கை விரித்தாள். ஆட்டுக்கு உறுத்தியது, எழுந்து போய்த் தரையில் படுத்துக்கொண்டது.

இருளப்பன் ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவன் பந்தோடு எழும்பினால் உடனே இறங்க மாட்டான். மேலே போய் ஒரு வெற்றிலை போட்டுவிட்டுத்தான் இறங்குவான் என்று கேலரியில் சொல்லிச் சிரிப்பார்கள். ஊருக்கு வெளியே அவன் பிறந்து வளர்ந்த காலனியின் கீழக்கோடியில் நிற்கும் வாகை மரத்தில், கிணற்றில் தண்ணீர் இறைத்து உடைந்த கமலைச் சாலின் வாயிரும்பைக் கழற்றி ஆணி அடித்து, கந்தல் துணியை உருட்டிப் பந்தாக்கி எறிந்து பழகிய கை அது. மில் டீமில் ஆளைச் சம்பளத்துக்கு எடுத்த காலம். வேலைப் பேரேட்டில் கூலி, மைதானத்தில் ராசா. அவன் சேர்ந்த வருசத்திலிருந்து மில்லுக்குக் கோப்பை தப்பியதில்லை. தமிழ்நாட்டுப் பனியன் போட்டான், இந்தியா பனியனும் போட்டான், விமானத்தில் போய் வந்தான். அவன் பேரைச் சொல்லி மில் நூலுக்கு விளம்பரப் படம் அடித்தார்கள். ஜெயித்த அன்று திறந்த ஜீப்பில் அவனை நிறுத்திக் கோப்பையைக் கையில் கொடுத்து நான்கு தேரோடும் வீதியும் சுற்றி வருவார்கள். வாணவேடிக்கை, கொட்டு, ஆரத்தி. ஜீப் காலனி முக்குக்கு வந்ததும் நிற்கும். கோப்பையை வாங்கிக்கொண்டு அவனை இறக்கிவிடுவார்கள், அவன் நடந்து வீட்டுக்கு வருவான். ஒருநாளும் அந்தக் கோப்பை காலனிக்குள் வந்ததில்லை.

அது பரவாயில்லை என்றுகூட ராக்கு விட்டுவிடுவாள். விட முடியாதது டம்ளர்.

மில்லில் ஒரு வழக்கம் உண்டு. ஜெயித்த கோப்பை நிறைய முதலாளி வீட்டு ரோஸ்மில்க்கை ஊற்றி, ஆட்டக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் வாய் வைத்துக் குடித்து அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். எல்லோரும் ஓர் உடம்பு என்று அர்த்தமாம். இருளப்பனின் முதல் கோப்பை. பாதிப் புள்ளிக்கு மேல் அவன் போட்டது. கோப்பை வாய் மாறி வாய் மாறி அவன் பக்கத்து ஆள்வரை வந்தது. கேப்டன் எழுந்து அதைத் தன் கையில் வாங்கி, பையிலிருந்து புத்தம் புது எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்து, அதில் ஊற்றி அவனிடம் நீட்டினார். டம்ளரில் ஐ. இருளப்பன் என்று பேர் வெட்டியிருந்தது. ஸ்டாருக்குத் தனி டம்ளர் என்றார் கேப்டன். எல்லோரும் கைதட்டினார்கள்.

அவன் அதைச் சந்தோசமாகத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தான். கடையில் காசு கொடுத்துப் பேர் வெட்டியிருக்காக பாரு என்று காட்டினான். ராக்கு அப்போது புதுப்பெண். டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மத்தவுக எதுல குடிச்சாக என்று கேட்டாள். கப்புலதான் என்றான். வாய வச்சா என்றாள். அவன் டம்ளரை வாங்கி வேட்டி முனையால் துடைத்தான்.  விளையாட விட்டிருக்காகள்ல, அது போதும் என்றான். அந்த ஒரு பேச்சுக்காக அவன் மேலும் அவளுக்கு இன்றுவரை கோபம் உண்டு. செத்தவன் மேல் கோபப்படக் கூடாது என்று எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது? அதற்குப் பிறகு ஒவ்வொரு கோப்பைக்கும் அவனே அந்த டம்ளரை ஷூவோடு பையில் வைத்து எடுத்துப் போனான். 

பிறகு ஓர் அரையிறுதியில் முழங்கால் போனது. ஊசி போட்டு இறுதி ஆட்டத்தில் இறக்கினார்கள். ஜெயித்துக் கொடுத்தான், அதோடு கால் முடிந்தது. கால் முடிந்ததும் பேரேட்டில் இருந்த கூலி வேலை உண்மையாகிவிட்டது. பஞ்சு உடைக்கிற புளோ ரூமுக்கு அனுப்பினார்கள். காற்றில் நின்றவன் பஞ்சுத் தூசிக்குள் நின்றான். சில வருசத்தில் நெஞ்சு அடைத்துக்கொண்டது. கடைசி நாட்களில் இருமலுக்கு நடுவே ஒருதரம் அவளைக் கூப்பிட்டு, "அந்தக் கப்பு என்ன கனம் இருக்கும்னு என் கைக்குத் தெரியும் ராக்கு. விளிம்பு வாயில எப்படி இருக்கும்னுதான் தெரியல" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

சாவுக்கு மில்லிலிருந்து பெரிய மலர்வளையம் வந்தது. காலனி முக்குவரை வந்தது. ஆள் யாரும் உள்ளே வரவில்லை. ஆனால் யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது முதலாளிக்குத் தெரியாதா? கருமாதி முடிவதற்குள் மறு வருச நினைவுக் கோப்பைக்குப் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது.

இப்படியாக வளையம் பனை உயரத்துக்குப் போயிருந்தபோது பத்தாம் வருச விழா வந்தது. அமைச்சர் ஒருவர் வருவதாக ஏற்பாடு. அவருக்கு வளையத்தில் ஒரு பந்தைப் போட்டுப் போட்டோ எடுத்துக்கொள்ள ஆசை. பனை உயரத்தில் எப்படிப் போடுவது? அப்போதுதான் கேப்டனுக்குக் காலனி வாகை மரத்து வளையம் ஞாபகம் வந்தது. அது அன்றும் இன்றும் அதே உயரத்தில்தான் இருந்தது. அங்கே யாரும் பேசுவதில்லை, ஆடுவதோடு சரி. சாயங்காலமானால் காலனிப் பெண் பிள்ளைகளும் பையன்களும் அதில்தான் பந்து போட்டார்கள், ராக்குதான் பந்தை எடுத்துத் திருப்பிப் போட்டாள், முழங்கை விலகினால் அதட்டினாள். இருளப்பன் விட்டுப்போனது என்று அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

கேப்டன் வாழ்நாளில் முதல்முறையாகக் காலனிக்குள் வந்தார். நல்ல வெயில். மரத்தடியில் நின்று வளையத்தை அண்ணாந்து பார்த்து, இருளப்பன் கை பட்ட இரும்பு, இது ஏறாது, விழாவுக்காகக் கழற்றித் தரவேண்டும், பிள்ளைகளுக்குப் புதுசாக இரண்டு வாங்கித் தருகிறேன் என்றார். அந்தப் புதுசை அங்கேயே மாட்டிக்கொள்ள வேண்டியதுதானே என்று ராக்கு கேட்டாள். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருக்கக் கூடாது என்று அவள் உள்ளே போய்ச் சொம்பும் டம்ளருமாக வந்து, ஊற்றி நீட்டினாள். கையை நீட்டியவர் டம்ளரில் வெட்டியிருந்த பேரைப் பார்த்தார். நீட்டிய கை அப்படியே நின்றது.

"குடிங்கய்யா. ஸ்டாருக்குத் தனி டம்ளர்" என்றாள் ராக்கு.

இப்போதுதான் டீ குடித்தேன் என்றார் அவர். காலனிக்குள் வருகிற ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் அப்போதுதான் டீ குடித்து முடிந்திருக்கும். தண்ணீர் டம்ளரில் அப்படியே இருந்தது. ராக்கு அதை மரத்து வேரில் ஊற்றினாள்.

"கப்ப இங்க கொண்டாங்க. தெரு பூராம் வாய வச்சுக் குடிக்கட்டும். கடைசி வாய் நீங்க குடிங்க. அதுக்கப்புறம் வளையத்த நானே கழட்டித் தாரேன்."

முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. அவருக்கு வேறு வழி தெரியும். அந்த ஊரில் ஒருவரிடமிருந்து ஒன்றை வாங்க வேண்டுமென்றால் மேடையில் ஏற்றி, அவர் தந்துவிட்டதாக மைக்கில் சொல்லிவிட வேண்டும். ஆயிரம் பேர் கைதட்டிய பிறகு இல்லை என்று சொல்ல எந்த மனுசனுக்கும் நா எழாது. கோயில் நிலமும் பள்ளிக்கூடத்துக் கட்டடமும் அப்படி வாங்கியவைதான்.

விழா அன்று ராக்கு மஞ்சப்பையில் டம்ளரை வைத்துக்கொண்டு போனாள். பொன்னாடை போர்த்துகிற நேரத்தில் அதைக் கேப்டன் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவது, இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்பது அவள் எண்ணம். அமைச்சர் வந்தார், ராக்குவையும் மேடையில் ஏற்றி உட்கார வைத்தார்கள். வெடி போட்டார்கள். வரவேற்புரைக்கு வளையம் ஒரு சாண் ஏறியது, தலைமையுரைக்கு ஒரு சாண் ஏறியது, ஊர் அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பிறகு கேப்டன் எழுந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரிந்த மனுசர். நம் இருளப்பனும் நானும் ஒரே கோப்பையில் வாய் வைத்துக் குடித்து வளர்ந்தவர்கள் என்றார். அந்தப் பாசத்துக்காக அவருடைய துணைவியார், தங்கள் தெருவிலிருக்கும் வளையத்தை இந்த மைதானத்துக்கு மனமுவந்து காணிக்கையாக்கிவிட்டார், நாளைக் காலையில் ஆள் போய்க் கழற்றி வரும், ஊருக்குப் போவதற்கு முன் அமைச்சர் அதில் பந்து போடுவார் என்றார்.

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. வளையம் சாண் கணக்கில் ஏறவில்லை. ஓர் ஆள் உயரம் ஒரே மூச்சில் எகிறியது. கூட்டிலிருந்த காக்காய்கள் கத்திக்கொண்டு பறந்தன. அமைச்சர் அதையும் விழா ஏற்பாடு என்று நினைத்துக் கைதட்டினார்.

ராக்குவுக்கு முதலில் கப்பு விளிம்பு வாயில் எப்படி இருக்கும் என்று தெரியாமலே செத்தவன் முகம் வந்தது. பிறகு உள்ளங்காலிலிருந்து கோபம் ஏறியது. சின்னக் கோபமில்லை. கல்யாணத்திலிருந்து சேர்த்து வைத்தது, அவன் சிரித்தபோதெல்லாம் அவள் சிரிக்காமல் முழுங்கியது, பொன்னாடை பொன்னாடையாய் அவள் மேல் போர்த்தி மூடியது எல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்தது. போர்த்த வந்த பொன்னாடையைத் தட்டிவிட்டு மேடையிலிருந்து இறங்கினாள். மைக் பக்கம் போகவில்லை, அது அவர்களுடைய சாமான். நேரே கோர்ட்டுக்குள் நடந்து, எதிராளி இடையூறில்லாமல் நின்று எறிகிற அந்தக் கோட்டில் போய் நின்றாள். ஃப்ரீ த்ரோ போடும்போது இருளப்பன் எப்படி நிற்பானோ அப்படி நின்றாள். வலது கால் ஒரு விரற்கடை முன்னால், முழங்கை உள்ளே, கண் வளையத்தின் விளிம்பில். மஞ்சப்பையை அவிழ்த்து டம்ளரை எடுத்தாள். யாரோ பிடிக்க ஓடி வந்தார்கள்.

"இவுக எம் புருசன் வாய கப்புல வைக்க விடல. ஊத்திக் குடுத்தாக. இந்தா, இதுல" என்றாள். எறிந்தாள்.

டம்ளர் போனது. வெயிலில் மின்னி மின்னிப் போனது. பனை உயரம் போய், அதற்கு மேலும் போய், மேலே ஒரு வெற்றிலை போடுகிற நேரம் நின்றது. பிறகு வளையத்தின் உள்விளிம்பில் டிங் என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, கிழிந்த வலையிலும் காக்காய்க் கூட்டிலும் சிக்கி உட்கார்ந்துகொண்டது. பத்து வருசத்தில் அந்த மைதானத்தில் விழுந்த ஒரே கூடை அது. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த பழைய ரெஃபரி பழக்கதோசத்தில் விசில் ஊதிவிட்டார்.

அமைச்சர் நிலைமையைச் சமாளிக்க மைக்கைப் பிடித்து, நம் இருளப்பன் என்று ஆரம்பித்தார். மேலே டிங் என்றது. நிறுத்தினார், அதுவும் நின்றது. நம் இருளப்பன் என்றார் மறுபடி. டிங். வெயில் அதிகமாக இருக்கிறது என்றார், சத்தமில்லை. கேப்டன் மைக்கை வாங்கி, எங்கள் டீமின் உயிர், என் உடன்பிறவாத் தம்பி என்றார். டிங் டிங் டிங் என்று கோயில் மணி மாதிரி அடித்து, ஒலிபெருக்கியில் ஏறி, நான்கு தேரோடும் வீதிக்கும் கேட்டது. ராக்கு அதற்குள் மைதானத்தைத் தாண்டிவிட்டாள்.

வாகை மரத்து வளையத்தைக் கழற்ற மறுநாள் ஆள் வரவில்லை. டம்ளரை எடுக்கத்தான் ஊர் பாடுபட்டது. தென்னை ஏறுகிறவர்கள் ஏறினார்கள், இரும்பு வழுக்கியது. தீயணைப்பு வண்டி ஏணி எட்டவில்லை. மறு வருசம் விழா வைத்துப் பார்த்தார்கள், முதல் பேச்சாளரின் முதல் வாக்கியத்திலேயே சத்தம் காதைப் பிளந்தது, வாழைமரத்தை அவிழ்த்துவிட்டுப் போனார்கள். பேச்சு நின்றதும் வளையம் ஏறுவது நின்றது. இறங்கவும் இல்லை. ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. இருளப்பன் பேரை எடுக்கும்போது எல்லோரும் இப்போது மேலே ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறார்கள். டீக்கடைக்காரர் மட்டும், பொய் சொல்கிற வாடிக்கையாளர்களிடம், ஒருதரம் மைதானத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வாங்களேன் என்பார்.

பிறகு ஒருநாள் சாயங்காலம் கேப்டன் மறுபடி காலனிக்கு வந்தார். ஆள் மெலிந்திருந்தார். பெண் பிள்ளைகள் எறிந்துகொண்டிருந்தார்கள், ராக்கு பந்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் கொஞ்ச நேரம் மரத்தோரம் நின்றார். அப்புறம், யாராவது உள்ளதைச் சொன்னால் வளையம் இறங்கிவிடும் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள் என்றார்.

"சொல்ல வேண்டியது என்னன்னு உங்களுக்குத் தெரியுமாய்யா?" என்றாள்.

அவர் தரையைப் பார்த்தார். தெரியும் என்பது அவர் முகத்தில் இருந்தது. வாயில் வரவில்லை. வளையம் கிடக்கட்டும், அந்த டம்ளரை மட்டுமாவது இறக்கிக் கொடுத்துவிடு, நான் வாயைத் திறந்தாலே என் பேரனுங்க டிங் டிங்னு கேலி பண்ணுறானுங்க என்றார்.

ராக்கு உருண்டு வந்த பந்தைக் காலால் நிறுத்தி, குனிந்து எடுத்தாள்.

"அது எங்க வீட்டு டம்ளர் இல்லங்கய்யா. நீங்க வாங்கி, நீங்க பேர் வெட்டி, நீங்க ஊத்திக் குடுத்தது. ஏறி எடுத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்து எறிய நின்ற பிள்ளையிடம் பந்தைப் போட்டாள்.